தோளில் இருந்த கை

பஸ்ஸை நேருக்கு நேர் நின்று படம் எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் எந்த பஸ்ஸும் நெற்றியில் நம்பர் ஒட்டிய பீரோ மாதிரிதான் தெரியும். கொஞ்சம் ஒதுங்கி, சாலை வளைகிற இடத்தில், முன் சக்கரம் நம் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து எடுக்க வேண்டும். ரயிலுக்கும் அதே விதிதான். வளைவில்தான் அதன் நீளம் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம், ஏனென்றால் நேற்று உங்கள் கான்ஸ்டபிள், "ரயிலைப் படம் புடிக்கணும்னா பிளாட்பாரத்துல நின்னு புடிக்க வேண்டியதுதானே, தண்டவாளத்துல போய் ஏன்யா நின்னீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிளாட்பாரம் நேராக இருக்கிறது, அதைத் தாண்டினால்தான் வளைவு. அதனால்தான்.

உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதிக் கொடுங்கள் என்று இந்தத் தாள்களைக் கொடுத்தீர்கள். சாட்சி என்ற முறையில்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்பது தெரியும். ரயில்வே ஸ்டேஷன் கேமராவில் பதிவானதையும் போட்டுக் காட்டினீர்கள். என்னோடு வந்த பல் டாக்டர் குனிந்து படம் எடுக்கிறார். நான் அவருக்குப் பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்திருக்கிறேன். ரயில் வருகிறது. பிறகு அவர் இல்லை, நான் கையை நீட்டியபடியே நிற்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும், பாவம், பிடித்து இழுக்கப் பார்த்திருக்கிறார் என்கிறார்கள். பஸ், ரயில் படம் எடுக்கிற எங்கள் வாட்ஸ்அப் கூட்டத்தில் அந்தக் காட்சியைப் போட்டு, "கடைசி வரைக்கும் கையை விடாத நண்பர்" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு படத்துக்குக் கீழே தப்பான எஞ்சின் நம்பர் போட்டிருந்தாலே திருத்தாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் படங்களுக்குச் சட்டம் போடுவது. மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், சாவி செய்கிறவருக்கும் தையல் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அகலத்தில் கடை. கல்யாணப் படம் வரும், பட்டம் வாங்கிய படம் வரும், செத்தவர்கள் படம் வரும். கண்ணாடி வெட்டுவேன், மூலைகளைச் சேர்ப்பேன், பின்னால் அட்டை வைத்து ஆணி அடிப்பேன். எது சட்டத்துக்குள் இருக்க வேண்டும், எதை வெட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் நாள் முழுக்க என் வேலை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். சிலர் குடிக்கிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள், நான் பஸ்ஸும் ரயிலும் பார்க்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் அம்மா இருந்தவரைக்கும், "உனக்கு ஒரு எஞ்சினைப் பாத்துத்தான்டா கட்டி வெக்கணும், அதுவாவது சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேருதான்னு பாப்போம்" என்பாள்.

எங்களைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் சிலர் இருப்பார்கள். ஒருவரை ஒருவர் மோப்பம் பிடித்துக் கண்டுகொள்வோம். ஒரு பஸ் போனால் அதன் பாடி எந்தப் பட்டறையில் கட்டியது, முகப்பு விளக்கை எப்போது மாற்றினார்கள், பெயின்ட் பழையதா புதியதா என்று தெருவோரத்தில் நின்று சண்டை போடுவோம். மனுஷனைத் தவிர எல்லாவற்றையும் பார்ப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடிக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எங்களில் யாரும் பார்ப்பதில்லை. எங்களுக்கு டிரைவரும் ஸ்டியரிங் மாதிரி வண்டியோடு வருகிற ஒரு பாகம்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அதைப் புரிந்துகொண்டால்தான் அந்தக் கேமராப் பதிவு உங்களுக்குப் புரியும். கேமராவில் கண் வைத்தவன் குருடனுக்குச் சமம். எதிரே வரும் வண்டியைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. அதனால் லைன் ஓரத்துக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது. ஒருவர் எடுப்பார், இன்னொருவர் ஒரு கை தூரம் பின்னால் நின்று, அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு, மற்ற எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பார். கை தோளில் இருக்கும் வரை பயமில்லை. கையை எடுத்துவிட்டால், என்ன ஏது என்று கேட்காமல் உடனே பின்னால் வந்துவிட வேண்டும். பேச்சு கிடையாது. எஞ்சின் சத்தத்தில் பேச்சு எங்கே கேட்கப் போகிறது? இதற்குத் தோள் பிடிப்பது என்று பெயர். ரயிலுக்கு மட்டுமல்ல, ஓரத்தில் நடைபாதை இல்லாத ரோட்டில் பஸ் எடுக்கும்போதும் இதே வழக்கம்தான். தோள் பிடிக்க ஆள் இல்லாமல் எங்களில் யாரும் கேமராவை வெளியே எடுக்கவே மாட்டோம்.

இப்போது அந்தப் பதிவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள் மேடம். நான் அவரை இழுக்கவில்லை. தள்ளவும் இல்லை. என் கை அவர் தோளில் இருக்கிறது. ரயில் வருவதை நான் பார்க்கிறேன், தலையைத் திருப்பிப் பார்ப்பது தெளிவாகவே தெரிகிறது. அதற்குப் பிறகும் கை தோளில்தான் இருக்கிறது. நான் செய்தது அதுதான்.

ஏன் என்று கேட்பீர்கள். அவர் என் தம்பியைக் கொன்றார்.

முதலில் பல் டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன். குள்ளமான ஆள், சுத்தமான விரல்கள், பக்கத்தில் வந்தால் கிராம்பு எண்ணெய் வாசனை அடிக்கும். பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். முதல் தடவை பார்த்தபோதே, "கீழ்வரிசையில ஒண்ணு ஆடுதே, ஒரு நாள் வாங்க" என்றார். போனேன். பிடுங்கிவிட்டு, "நமக்குள்ள என்னங்க ஃபீஸு, என் ரயில் படத்துக்கு ஒரு சட்டம் போட்டுக் குடுங்க" என்று சிரித்தார். அவருடைய கிளினிக்கில் நோயாளி சாய்ந்து படுக்கிற நாற்காலிக்கு மேலே, கூரையில், ஒரு நீராவி எஞ்சின் படம் ஒட்டியிருக்கும். வாயைத் திறந்துகொண்டு வேறு வழியில்லாமல் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நல்ல மனுஷர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கெட்டவனை வெறுக்க ஒரு நாள் போதும், நல்லவரை வெறுக்க நிறையப் பொறுமை வேண்டியிருந்தது.

என் தம்பி பஸ் டிரைவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் நான்தான் அவனைப் படிக்க வைத்தேன். படிப்பு ஏறவில்லை, ஸ்டியரிங் ஏறியது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். என் தம்பியிடம் படை இல்லை, பஸ் இருந்தது, எனக்கு அது போதுமானதாக இருந்தது. கம்பெனியில் புது வண்டி வந்தால் முதலில் எனக்குத்தான் போன் வரும். "அண்ணே, நீலமும் வெள்ளையும், கண்ணாடி இந்தா பெரிசு, ஞாயித்துக்கிழமை நான்தான் எடுக்கறேன், எங்க நிக்கப் போற?" என்பான். நான் நிற்கிற இடத்தைச் சொல்வேன். அன்றைக்கு டிப்போவிலேயே தண்ணீர் பிடித்து முன்கண்ணாடியைத் தானே துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். கிளீனர் சிரிப்பானாம், அண்ணனுக்காகக் கண்ணாடி துடைக்கிறாரு என்று. என்னைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். பஸ்ஸில் இருப்பவர்கள் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தப் படம் ஆற்றுப் பாலத்தில் எடுத்தது. முந்தின நாள் மழை பெய்து விட்டிருந்தது. பாலம் ஏறி வளைகிற இடத்தில் அவன் வண்டி திரும்ப, காலை வெயில் பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளைத் தாண்டி வந்து வண்டியின் முழுப் பக்கத்திலும் விழுந்தது. ஈர ரோட்டில் நீலம் அப்படியே தெரிகிறது. முன் சக்கரம் என் பக்கம் திரும்பியிருக்கிறது. முன்கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குச் சுத்தம். இத்தனை வருஷத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். கூட்டத்தில் போட்டேன். வெறும் வாயை மெல்லுகிறவர்களே அன்று குறை ஒன்றும் சொல்லாமல் பாராட்டினார்கள்.

அன்று சாயங்காலம் பல் டாக்டர் எனக்குத் தனியாக போன் செய்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா, கோவிச்சுக்கக் கூடாது. படம் பிரமாதம். ஆனா எடுத்துடுங்க."

"ஏன்?"

"பெரிசாக்கி உங்க தம்பி வாயைப் பாருங்க. பேசிக்கிட்டிருக்காரு. வாயைப் பாத்துட்டுத்தான் கையைப் பாத்தேன். காதுல போன் இருக்கு."

பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. மேடம், நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் சொல்லும் வரை அந்தப் படத்தில் போன் கிடையாது. கூட்டத்தில் அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன், எனக்கும் தெரியவில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று சும்மாவா சொன்னார்கள். ஊர் வாயையெல்லாம் திறந்து பார்த்துப் பழகிய அந்தக் கண் என் தம்பியின் வாய்மேல் பட்டது. அன்றிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அதை நான் மறைக்கவில்லை. கூட்டத்தில் மற்றவர்களைப் போலவே "அருமை" என்று மட்டும்தான் எழுதியிருந்தார். ஆனால் அப்போது பஸ் கம்பெனி ஒரு புகைப்படப் போட்டி அறிவித்திருந்தது. அதற்கு அவரும் ஒரு படம் அனுப்பப் போவதாகச் சொல்லியிருந்தார், மழையில் நிற்கும் பஸ் ஒன்று, சுமாரான படம். என் படத்தை எடுத்துவிடச் சொன்னவர் போட்டியிலும் இருந்தார் என்றால் நான் என்ன நினைப்பது? யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று நினைத்துக்கொண்டு அனுப்பினேன். முதல் பரிசு கிடைத்தது. ஒரு சுவர்க் கடிகாரம். கடையில் மாட்டியிருக்கிறேன், நன்றாக ஓடுகிறது.

கம்பெனி அந்தப் படத்தை டிப்போ வாசல் சுவர் முழுக்கப் பெரிதாக்கி ஒட்டியது. என் தம்பி அதன் கீழே நின்று, "எங்க அண்ணன் எடுத்தது" என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். அந்த அளவுக்குப் பெரிதானபோது போன் ஒரு தட்டு அகலத்துக்கு இருந்தது. சில நாள் யாரும் கவனிக்கவில்லை. பிறகு பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, சுவருக்கு எதிரே நின்று, வெகுநேரம் பார்த்தாராம்.

விசாரணையில் யாரோடு பேசினாய் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. வீட்டில் அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எச்சரித்து விட்டிருப்பார்கள் என்று யூனியன்காரர் என்னிடம் பிறகு சொன்னார். "என் தப்புதாங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னானாம். போனைக் காட்டச் சொன்னபோது உடைந்துவிட்டது என்றான். நிஜமாகவே உடைத்திருந்தான். வேலை போனது. அந்தப் படத்துக்குப் பிறகு எந்த பஸ் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை. கடைசியில் ஒரு கல் குவாரியில் லாரி ஓட்டப் போனான். துருப்பிடித்த வண்டி. குவாரியிலிருந்து இறங்குகிற பாதையில், ஒரு வளைவில், பிரேக் பிடிக்கவில்லை.

வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று தம்பி மனைவி கேட்டாள். நான் வீட்டுக்கு வந்து தேடினேன். அவன் ஓட்டிய ஒவ்வொரு பஸ்ஸும் என்னிடம் இருந்தது, முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து, ஏணியோடு, ஏணி இல்லாமல். அவன் முகம் மட்டும் ஒன்றிலும் சரியாக இல்லை. கடைசியில் அந்தப் பாலத்துப் படத்திலிருந்துதான் முகத்தை வெட்டி எடுத்தேன். துடைத்த கண்ணாடி ஆகையால் தெளிவாக இருந்தது. கையும் போனும் சட்டத்துக்கு வெளியே போகும்படி ஓரத்தை வெட்டினேன். எந்தப் படத்திலிருந்து எடுத்தது என்று அவளிடம் சொல்லவில்லை. மாட்டிவிட்டு இறங்கும்போது அவள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா, வாய் லேசா தொறந்திருக்கு?"

"சிரிக்கிறாம்மா" என்றேன்.

அவள் ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள். "போனை ஏன் மாமா உடைச்சாரு? யார்கூட பேசினேன்னு என்கிட்டகூட சொல்லல. எவளோ ஒருத்தி இருந்திருக்கா. அவளுக்காக வேலையையும் விட்டு, உயிரையும் விட்டுட்டுப் போயிட்டாரு." நான் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு பல் டாக்டர்மேல் இருந்தது வெறும் கோபம் இல்லை. கோபம் வரும், போகும். இது காலையில் கடையைத் திறக்கும்போது என்னோடு உள்ளே வரும், கண்ணாடி வெட்டும்போது பக்கத்தில் நிற்கும், சாயங்காலம் என்னோடேயே கதவைப் பூட்டும். அவர் சிரித்தால் எரிந்தது. அவர் எனக்கு ஆறுதல் சொன்னபோது இன்னும் எரிந்தது. சாவு வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையை உதறாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் தம்பிக்கு ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது, அதைத் தீர்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா?

அவரோடு வெளியே போவதை நான் நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகமாகப் போனேன். ஞாயிறுதோறும் அவர் குனிவார், நான் தோளைப் பிடிப்பேன். எத்தனையோ ரயில் வந்தது. ஒவ்வொரு தடவையும் இந்த முறை எடுக்க வேண்டாம் என்று நினைப்பேன், ஒவ்வொரு தடவையும் கை தானாகவே எடுபட்டுவிடும். அவர் பின்னால் வந்து நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "உங்களை மாதிரி தோள் பிடிக்க ஆள் கெடையாதுங்க" என்பார்.

அன்றைக்குப் பழைய டீசல் எஞ்சின் ஒன்றுக்குக் கடைசிப் பயணம். எண்ணெய் டாங்கர்களை இழுத்துக்கொண்டு வந்துவிட்டு, அதோடு பட்டறைக்குப் போய்விடும், உடைக்க. எங்கள் கூட்டத்தில் மற்றவர்கள் பெரிய ஸ்டேஷனில் காத்திருந்தார்கள். நானும் டாக்டரும் மட்டும் இந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு வந்தோம், வளைவு இங்கேதான் அழகு. பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தபோது அவர் என் தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டிய எக்ஸ்பிரஸ் தாமதமாகிவிட்டது, இன்னும் சற்று நேரத்தில் இந்த ஸ்டேஷனைத் தாண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். என் காதில் விழுந்தது. அவர் பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

இங்கே இரண்டு லைன். எண்ணெய் வண்டி வருவது தூரத்து லைனில். அது வளைந்து வருவதை முழுதாக எடுக்க வேண்டுமானால் நம் பக்கத்து லைனின் கட்டைகள்மேல் கால் வைத்துக் கொஞ்சம் குனிந்து நிற்க வேண்டும். எக்ஸ்பிரஸ் வருவது நாம் கால் வைக்கிற இந்த லைனில்தான், நம் முதுகுப் பக்கமாக. தோள் பிடிக்கிறவர் லைனுக்கு வெளியே, சரளையில் நின்றால் போதும். எனக்குக் கை நீளம்.

"தோள் பிடிக்கிறீங்களா?" என்றார்.

"போங்க" என்றேன்.

எஞ்சின் வளைவில் தெரிந்ததும் அதன் டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு நீளமாக ஹாரன் அடித்தார், கடைசிப் பயணம் அல்லவா, அடித்துக்கொண்டே வந்தார். என் முதுகுப் பக்கமிருந்து எக்ஸ்பிரஸும் ஹாரன் அடித்தது. இரண்டும் ஒன்றாகிவிட்டன. நான் திரும்பிப் பார்த்தேன். நேரம் இருந்தது, ஒரு மனுஷர் இரண்டு தடவை பின்னால் வந்துவிடலாம், அவ்வளவு நேரம். என் கைக்குக் கீழே அவர் தோள் தளர்ந்து, லேசாக மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சட்டையில் தோள் தையல் ஓரிடத்தில் விட்டிருந்தது விரலில் பட்டது. "வருது, வருது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தோஷமாக இருந்தார். நான் கையை எடுக்கவில்லை.

பிறகு எல்லாரும் ஓடி வந்தார்கள். யாரோ என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இது விபத்து இல்லை. எனக்கு வருத்தமும் இல்லை. என் தம்பிக்கு நான் இருந்தேன் என்பது தெரிய வேண்டும், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

இது வரைக்கும் எழுதியதை நீங்கள் வாங்கிப் படித்தீர்கள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, தாள்களைத் திரும்ப என் முன்னால் வைத்தீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்.

"தோள் பிடிக்க ஆள் இல்லாம கேமராவையே வெளிய எடுக்க மாட்டோம்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்குப் பாலத்துல உங்களுக்குத் தோள் பிடிச்சது யாரு?"

நல்ல கேள்வி மேடம். அதையும் எழுதுகிறேன்.

பல் டாக்டர்தான். அந்தப் பாலத்தில் நடைபாதை கிடையாது, லாரிகள் உரசிக்கொண்டு போகும். அவர் கை என் தோளில் இருந்தது. என் இரண்டு கையிலும் கேமரா. காதில் இயர்போன் இருந்தது.

வெயில் இன்னும் கைப்பிடிக் கம்பியைத் தாண்டியிருக்கவில்லை. வண்டி சீக்கிரம் வந்துவிட்டால் பாதி நிழலில் விழுந்துவிடும். நான்தான் கூப்பிட்டேன். சிக்னலில் நின்றுகொண்டு எடுத்தான். கொஞ்சம் மெதுவாக வா, நான் சொல்லும்போது திருப்பு என்றேன். "டூட்டில இருக்கேண்ணே, வெச்சுடறேன்" என்றான். வைக்காதே என்றேன். சிக்னல் விழுந்தது, வண்டியை எடுத்தான், மறுபடியும் கேட்டான், மறுபடியும் வைக்காதே என்றேன். அவனிடம் இயர்போன் இல்லை. ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று நான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பேசியது முழுவதும் டாக்டர் காதில் விழுந்தது. கை தூரம்தானே. என்னைத் தவிர அது தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், என் தம்பி போன பிறகு அவர் ஒருவர்தான். அவரும் யாரிடமும் சொல்லவில்லை. மறுமுனையில் இருந்தது நான்தான் என்பதைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை, அந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரும் வரைக்கும்.

அன்று அவர் சொன்னது இதுதான். என் தம்பி மனைவி பல் வலி என்று அவருடைய கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். "தூக்கத்துல பல்லைக் கடிக்கறாங்க. கடவாப்பல்லு தட்டையாத் தேஞ்சு போயிருக்கு, அந்த வயசுல அப்படித் தேயாது. என்னம்மா மனசுல இருக்குன்னு கேட்டேன். நாற்காலியில படுத்துக்கிட்டே அழுதாங்க. அவருக்கு எவளோ இருந்தாளாம். நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போன்ல பேசினது நீங்கதான்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு நிம்மதியாத் தூங்கும்." நான் குனிந்து கேமராப் பையின் ஜிப்பை மூடினேன். அவர் கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்தார். "உங்களால முடியலன்னா நான் சொல்றேன். நீங்க கூட வாங்க போதும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அப்புறம் எஞ்சின் வருகிற சத்தம் கேட்டது, எழுந்து சின்னப் பையன் மாதிரி ஓடினார்.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கும் என் கை எடுபட்டிருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் எடுபட்டது என்றுதான் என்னால் சொல்ல முடியும். நான் பழி வாங்கினேன் என்று மேலே எழுதியிருப்பதை அடிக்க வேண்டுமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. அது இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன், இந்தத் தாள்கள் எப்படியும் தம்பி மனைவி கைக்குப் போகும். அந்தச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அவன் சிரிக்கிறான் என்று நான் சொன்னது பொய். அவன் சிரிக்கவில்லை மேடம், "வெச்சுடட்டுமாண்ணே" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.